ஜப்பான் லோரியில் குங்குமப் பொட்டு

போன வாரம் பேப்பரில் இதே பக்கத்தில், ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தைப் பற்றி டிவியில் ஓடும் போர் நாடகத்தைக் கிழி கிழி என்று கிழித்திருந்தேன்... நினைவிருக்கிறதா? சிப்பாய் கையில் டிஜிட்டல் வாட்ச். ஜார்ஜ்டவுன் கடைவீட்டுச் சுவரில் ஏர்கோன். குண்டுக்குப் பயந்து ஓடுகிறவர் காலில் புத்தம்புது ஸ்போர்ட்ஸ் ஷூ. மொத்தம் எட்டுத் தப்பு! மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான் நான். ஆனால், சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லி, மாக் மண்டின் தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை போட்டவன். என் கண்ணுக்குத் தப்புமா?

இந்த வாரம் ஒன்பதாவது வந்தது.

ஞாயிறு மாலை. ஜப்பான் ராணுவ லோரி புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறது. என் லோரி! பழைய இரும்பாகக் கிடந்ததை வாங்கி, நானே உயிர் கொடுத்து, படப்பிடிப்புக்கு அனுப்பிய வண்டி. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, பார்க்கச் சொல்லியிருந்தேன். கேமரா வண்டியின் முன்பக்கத்தை நெருங்குகிறது. பம்பரில்... பளிச்சென்று சந்தனம். நடுவில் குங்குமம்.

என் மனைவி சரோஜா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஜப்பான்காரன் எப்ப நம்ப மாரியம்மன் கோயிலுக்கு வந்தான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டி கிளம்பிய காலையில் பூசை போட்டது நான்தான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் பொட்டு. பூசை இல்லாமல் என் பட்டறையை விட்டு எந்த வண்டியும் போனதில்லை. நாடகக் குழுவில் வண்டி, சாமான்களுக்குப் பொறுப்பு கோகிலா என்ற பெண். அன்றே சொன்னாள்.

"அங்கிள், பூசை முடிஞ்சதும் பொட்டெல்லாம் தொடச்சிருங்க. கேமராவுல தெரியும் லா."

"அதெல்லாம் தொடச்சாச்சும்மா. நீ போய் வேலையப் பாரு."

ரேடியேட்டரில் இருந்ததைத் துடைத்தேன். பம்பரில் கை வைக்க மனம் வரவில்லை. முதன்முதலாக வெளியே போகிற வண்டி... பொட்டை அழித்தா அனுப்புவது? அவள் என் வார்த்தையை நம்பிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அந்தப் பொட்டு எல்லார் போனிலும் இருந்தது. கூடவே, என் எட்டுத் தப்பையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். மத்தியானம் கோகிலா கூப்பிட்டாள்.

"அங்கிள், டைரக்டர் என்னைத்தான் ஏசுறாரு. அடுத்த நாடகத்துக்கு வேற ஆளு பார்க்கப் போறாராம். நீங்க தொடச்சீங்கதானே?"

"லைன் கிளியரா இல்லம்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

ஆமாம். நான்தான்.

இரண்டு நாள் உட்கார முடியவில்லை. டைட் பண்ணிய நட்டையே திரும்பக் கழற்றினேன். வேலை ஒன்றும் இல்லாமலே காரை எடுத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தில் போய்த் திரும்பினேன். அடுத்தவர் தப்பு என்றால் எட்டு வரைக்கும் எண்ண வருகிறது. நம்முடையது ஒன்றே ஒன்று — அதைச் சொல்ல மட்டும் ஏன் வாய் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

"சாப்பாட்டையாவது உட்கார்ந்து சாப்பிடுங்க. இல்லன்னா அந்தப் புள்ளைக்காகப் பேசித் தொலைங்க" என்றாள் சரோஜா.

புதன்கிழமை டைரக்டருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அந்தப் பொட்டு நான் வச்சது. கோகிலா தொடைக்கச் சொன்னுச்சு. தொடச்சிட்டேன்னு பொய் சொன்னேன். ஏசுறதா இருந்தா என்னை ஏசுங்க."

அவர் திருப்பிக் கேட்டார்.

"எங்க தப்பு எட்டையும் பேப்பர்ல எழுதுனீங்களே அங்கிள். இதையும் எழுதுவீங்களா?"

எழுதிவிட்டேன். ஒன்பதாவது தப்பு என்னுடையது, கோகிலாவுடையது அல்ல.

நேற்று அவளே கூப்பிட்டாள். வேலை போகவில்லை. அடுத்த நாடகத்துக்கும் என் லோரி வேண்டுமாம். "இந்தத் தடவ ஈரத்துணியோட நானே வருவேன் அங்கிள்" என்றாள்.

வரட்டும்... பொட்டு இனி பானெட்டுக்கு உள்பக்கம்!