திறந்து வைத்த கரைக்குழாய்

கல்வராயன் மலையடிவாரத்து அணையில் அப்போது ஒரு மோட்டார் படகு இருந்தது. ஏதோ துறைமுகத்தில் ஓடிய பழைய படகு, லாரியில் ஏற்றி வந்தார்கள். அதிகாரிகள் வந்தால் அதில்தான் அணையைச் சுற்றிப் பார்ப்பார்கள். உள்ளே கைகழுவ வாஷ்பேசினும் சின்னக் கழிவறையும் உண்டு. அதற்கான தொட்டி எட்டுக் குடம் பிடிக்கும். எட்டையும் தலையில் சுமந்துவந்து ஊற்ற வேண்டும். பெரிய அதிகாரி வருகிறார் என்றதும், கரைக்குழாயிலிருந்தே படகின் குழாய்களுக்கு இணைப்புக் கொடுக்கச் சொன்னார்கள்.

நான் அங்கே ஸ்டோர் குமாஸ்தா. இணைப்பு வேலை என் தங்கை கணவருக்கு வந்தது. தினக்கூலிக்குக் குழாய் மாட்டும் ஃபிட்டர் அவர். இது நல்லபடி முடிந்தால் நிரந்தரமாக்க எழுதுவதாக இன்ஜினீயர் சொல்லியிருந்தார். தங்கை அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் அணையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம். சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அணையில் மோட்டார் போட்டு மேட்டுத் தொட்டியை நிரப்பும் பம்பு ஆபரேட்டரும் தம் சாதிக்காரர்களோடு மறியலுக்குப் போயிருந்தார். அதனால் இணைப்புக் கொடுத்த அன்று, அதிகாரி வருவதற்கு முந்தின நாள், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

படகின் பக்கவாட்டில், வெளித்தண்ணீர் வாங்குவதற்கென்று ஒரு பித்தளை மூக்கு இருந்தது. அதன் திருகு மரை நம் ஊர்ச் சாமான் எதனோடும் சேரவில்லை. மாப்பிள்ளை கசியாமலிருக்கச் சணல் சுற்றி, வெள்ளை ஈயப் பசை பூசி, ரப்பர் ஹோஸை மாட்டிக் கிளிப்பை முறுக்கினார். நான் உள்ளே குனிந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தேன்.

“இன்னா மச்சான், எண்ணிக்கினு இருக்கீங்களா?”

“உள்ள ஏழு எடத்துல ஜாயிண்ட்டு இருக்குது மாப்ள. எல்லாம் பழைய ரப்பரு. படகு பம்பு மெதுவாத் தள்ளும், அதுக்குத் தாங்கும். மேட்டுத் தொட்டித் தண்ணி வேகமா வருமே.”

“நீங்க எண்ணிட்டீங்க இல்ல, இனிமே ஒழுவாது.”

கரைக்குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இருட்டுவதற்குள் வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாக வேண்டும்.

“மூடிட்டு வாங்க மாப்ள.”

“மூடிட்டா தண்ணி வந்துச்சான்னு எப்பிடித் தெரியும்? தெறந்தே கெடக்கட்டும். காலையில வந்ததும் பாத்துக்கலாம்.”

எங்கள் ஊரில் யாரும் வறண்ட குழாயை மூடுவதில்லை. எந்நேரம் வரும் என்று தெரியாது. குடத்தை அடியில் வைத்துத் திறந்து விட்டுவிடுவோம், சத்தம் கேட்டால் ஓடி வருவோம். என் வீட்டுக் குழாயும் அப்படித்தான் கிடக்கும். நானும் பையை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன்.

காலையில் போனபோது படகின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கரையிலிருந்து இறங்கிய ஹோஸ் விறைப்பாக நீருக்குள் போயிருந்தது. உள்ளே ஏதோ ஒரு ஜாயிண்ட்டு விட்டுப்போய், இரவெல்லாம் தண்ணீர் படகுக்குள் கொட்டியிருக்கிறது. குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை போய் அதை மூடினார். மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

பெரிய அதிகாரி அன்று வரவே இல்லை. அவருடைய ஜீப்பும் மறியலில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளையை மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

மோட்டார் போட்டது ஆபரேட்டர்தான். அவரே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அண்ணனுக்கு வேல நெரந்தரமாவப் போவுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? தண்ணி இல்லன்னா அவருக்கில்ல கெட்ட பேரு? அதான் ராத்திரி மறியல்லருந்து வயக்காட்டு வழியா வந்து மோட்டாரப் போட்டுட்டுத் திரும்பிப் போனேன். பைப்பு தெறந்து கெடக்குதுன்னு எனக்குத் தெரியாது சார்.”

அவர் முகத்தைப் பார்த்தே நம்பினேன். அன்று சாயங்காலமே மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன்.

“அவன் ஆளுங்க மரத்தத் தள்ளுனானுங்க, அவன் வேணும்னே படகத் தள்ளிட்டான்” என்றார். “நீங்க ரொம்பப் படிச்சவரு மச்சான். ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது.”

எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். எண்ணுகிற வழக்கமுள்ள நான் அதை மட்டும் எண்ணவில்லை. பிறகு அவர் மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குப் போனார். கரும்பு அரவைக் காலத்தில் மட்டும்தான் வேலை. மற்ற மாதங்களில் வீட்டில் உட்கார்ந்திருப்பார். நிரந்தரம் என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டோம். கடைசி வரைக்கும் ஆபரேட்டரை எதிரில் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார்.

பல வருஷம் கழித்து, மாப்பிள்ளையின் கருமாதிக்கு ஆபரேட்டர் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. யாரும் உட்காரச் சொல்லாததால் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

“கடைசியிலயாவது அண்ணன் நம்புனாருங்களா சார்?”

“நம்புனாருப்பா. எங்கிட்டச் சொன்னாரு.”

அவர் தலையாட்டினார். அப்போது தங்கை தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் சொம்போடு அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். அவர் அதைப் பார்த்துவிட்டார்.