எழுத்தில்லாத இறால் சீட்டு

மராட்டியப் பக்கத்து நிக்டியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஷேக் முகைதீனுக்கு வேலை, இறால்களை இனம் பிரித்துக் குப்பியில் அடைப்பது. வயிற்றின் இரண்டாம் வளையத்து ஓடு முன்னதையும் பின்னதையும் சேர்த்து மூடினால் ஒரு வம்சம். முன்னதை மூடாவிட்டால் வேறு வம்சம். முதலாவது முட்டைகளை வயிற்றடியில் சுமந்து திரியும். மற்றது தண்ணீரில் விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். படிப்பு எட்டாம் வகுப்புதான் என்றாலும் முகைதீன் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

குப்பிக்குள் ஒரு சீட்டு போடவேண்டும்: ஆறு, தேதி, பிடித்தவர் பெயர். பென்சிலால்தான் எழுதவேண்டும். இறால் கெடாமலிருக்கக் குப்பியில் ஊற்றும் ஸ்பிரிட் பேனா மையைத் தின்றுவிடும்.

1996 மழைக்காலத்தில் ஜம்பு இந்திராயணி ஆற்றிலிருந்து சினை இறால்கள் கொண்டுவந்தான். ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரன், தினக்கூலிக்கு வலைபோடுகிறவன்.

“பொண்ண இடுப்பவுட்டு எறக்காத நானும் இந்த வம்சந்தான் பாய்” என்று சிரித்தான்.

அன்று பென்சில் முனை உடைந்திருந்தது. சீவச் சோம்பல்பட்டு முகைதீன் பேனாவால் எழுதிப் போட்டார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. மறுநாள் ஜம்புவை ஆறு கொண்டுபோயிற்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சீட்டு வெள்ளையாகக் கிடந்தது.

கூலிக்காரன் பெயர் ஆபீசில் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை. புதுச்சீட்டு போடலாம், ஆனால் பழையதை எடுக்கக்கூடாது, கூடவே கிடக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். வெற்றுச்சீட்டைப் பார்த்தால் அதிகாரிகள் காரணம் கேட்பார்கள். வேலைக்குப் பயந்து குப்பியைப் பின்வரிசைக்குத் தள்ளினார். பாவி மனுஷன், அதற்கப்புறம் பதினொரு வருஷம் அந்த அலமாரிப் பக்கம் போனாலே முதுகுக்குப் பின்னால் ஈரக்கால் சத்தம் கேட்டது.

2007இல் ஜம்புவின் மனைவி பவுன் வந்தாள்.

“அவரு பேரு போட்ட பாட்டில் இங்க கீதுன்னு சொல்லுவாரு. ஒரு தபா பாத்துட்டுப் போறேன் பாய்.”

எழுத்தறியாதவள்தானே என்று முகைதீன் துணிந்தார். குப்பியை எடுத்து, சீட்டுக்கு நேராக விரல் ஓட்டி வாசித்தார். “இந்திராயணி. ஜூலை ஒம்பது. புடிச்சவர் ஜம்பு.”

பவுன் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள்.

“எனுக்குப் படிக்கத்தான் தெரியாது பாய். எழுத்து கீதா இல்லியான்னு தெரியும்.”

 பென்சில் உடைந்ததிலிருந்து முகைதீன் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை.

“இப்ப எழுதுங்க” என்றாள்.

எழுதினார். பென்சில் முனை இரண்டு தடவை ஒடிந்தது, இரண்டு தடவையும் சீவிக்கொண்டார். புதுச்சீட்டை உள்ளே போட்டுவிட்டு, வெற்றுச்சீட்டை எடுக்க இடுக்கியை நீட்டினார்.

“அதயும் வுட்டுவைங்க பாய். நீங்க பாக்கணுமில்ல” என்றாள் பவுன்.

அந்த ஆபீஸ் சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.