தகர வேலிக்கு இந்தப் பக்கம்

டெல்ரோஸுக்குத் தலை பின்னிவிடுவது தொழில். போர்ட்லண்ட் மலையடிவாரத்துப் பெண்கள் சனிக்கிழமை காலையிலேயே அவள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். விரல்கள் பின்னிக்கொண்டிருக்கும், கண் மட்டும் பாயில் கிடக்கும் மகள் டேவியா மேல். ஒன்றேமுக்கால் வயதாகியும் அவள் நடக்கவில்லை. வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.

சுகாதார நிலையத்தில் திருமதி லிண்டோதான் ஆய்வைப் பற்றிச் சொன்னார். வளர்ச்சி பிந்திய குழந்தைகளில் பாதிப் பேர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஆள் வந்து, தாயோடு உட்கார்ந்து விளையாடக் கற்றுத்தருவார். மீதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவார்கள். யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல்.

"பிடிக்கலேன்னா எப்ப வேணா விலகிக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டோம்," என்றார் லிண்டோ.

டெல்ரோஸ் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு விழுந்தது வைத்தியம் மட்டும். தகர வேலிக்கு அப்பால் குடியிருக்கும் கெரிஷாவின் மகன் ரோமெயினுக்கு விளையாட்டு.

செவ்வாய்க்கிழமைதோறும் விளையாடக் கற்றுத்தரும் மிஸ் ஐயோனி, பொம்மைகள் நிறைந்த பெரிய துணிப்பையோடு கெரிஷா வீட்டுக்கு வருவார். டெல்ரோஸ் அன்றைக்கென்று வேலியோரம் துணி துவைப்பாள். "அவன் சத்தம் போட்டா நீயும் அதே சத்தம் போடு. பதிலுக்கு அவன் என்ன சொல்றான்னு காத்திரு," என்று ஐயோனியின் குரல் கேட்கும். அவர் போனதும் டெல்ரோஸ் காலி பாட்டிலில் கூழாங்கல் போட்டு மூடி, டேவியாவின் எதிரே குலுக்குவாள். சோளமாவுக் கஞ்சி ஊட்டும்போது கரண்டி, கிண்ணம், மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வாள். பாட்டில் உருண்டால் டேவியா தவழ்ந்து போய்ப் பிடித்தாள். ஆய்வு தொடங்கிய ஐந்தாம் மாதம் வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஏழாம் மாதம், கஞ்சி தீர்ந்த கிண்ணத்தைக் காட்டி "இன்னும்" என்றாள்.

டெல்ரோஸ் அழுதாள். அதோடு பயமும் பிடித்துக்கொண்டது. தனக்கு விழாததை எடுத்துக்கொண்டோமே, ஆய்வைக் கெடுத்துவிட்டோமோ என்று. கெரிஷாவிடம் மெல்லச் சொன்னாள்.

"போடி இவளே," என்றாள் கெரிஷா. "செவ்வாக்கிழமை மட்டும் உனக்கு அவ்வளவு அழுக்குத்துணி எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் பாயை வேலிகிட்ட இழுத்துப் போட்டேன்."

வருஷக் கடைசியில் பரிசோதனை. ஓர் இளம்பெண் டேவியாவுக்கு மரக்கட்டைகளைக் கொடுத்துக் குறித்துக்கொண்டிருந்தாள். "மிஸ், நான் ஒண்ணு சொல்லணும்," என்று டெல்ரோஸ் தொடங்கியதுமே அவள் கையை உயர்த்தினாள். "உங்க பொண்ணு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியக் கூடாதும்மா. மிஸஸ் லிண்டோகிட்ட சொல்லுங்க."

லிண்டோ முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. தாளில் எழுதிக்கொண்டார்.

"டேவியாவைத் தள்ளிடுவீங்களா?"

"இல்ல. குலுக்கல்ல எந்தப் பக்கம் விழுந்தாளோ அந்தப் பக்கமேதான் எண்ணுவோம். ஆனா அவ முன்னேறினதால அந்தப் பக்கமும் மேல வரும், விளையாட்டால வர்ற பலன் கொஞ்சம் கம்மியா தெரியும்."

"அப்ப கெடுத்துட்டேன்."

"நீங்க சொல்லலேன்னா எங்களுக்கு ஏன்னே புரிஞ்சிருக்காது. இப்ப புரியும். இனிமே பக்கத்துப் பக்கத்து வீட்டைப் பிரிச்சுப் போடக் கூடாதுன்னும் தெரிஞ்சுபோச்சு." லிண்டோ பேனாவை மூடினார். "அம்மா விளையாடினாங்கன்னு புள்ளைமேல குத்தம் எழுத முடியுமா, சொல்லுங்க."

மூன்று மாதம் கழித்துக் கூட்டம் போட்டு முடிவைச் சொன்னார்கள். விளையாடிய பக்கம் முன்னே இருந்தது, நினைத்த அளவுக்கு இல்லை. மறுபக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் இனி ஆள் வரும் என்றார்கள். டேவியா இரண்டரை வயதுக்கு மேல்தான் நடக்கத் தொடங்கியிருந்தாள். இப்போதும் ஓடினால் விழுவாள், பேச்சு மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால்தான். டெல்ரோஸ் அதை யாரிடமும் மறைப்பதில்லை.

முதல் செவ்வாயன்று மிஸ் ஐயோனி வேலிக்கு இந்தப் பக்கம் வந்தபோது டேவியா அவரைக் கவனிக்கவேயில்லை. நேரே பைக்குள் தலையை விட்டாள். டெல்ரோஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்தாள்.