ஒட்டி நின்றவை

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் அவருக்கு ‘எண்ணிக்கை அக்கா’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக நுண்ணோக்கிக்குக் கீழே விந்தணுக்களைப் பார்த்து, எத்தனை ஓடுகின்றன, எத்தனை நின்ற இடத்திலேயே துடிக்கின்றன என்று பிரிப்பவர். ஓடுபவை தேறும், மற்றவை கழிவு.

அன்று காலை பதினொரு மணிக்கு அவர் முன் இருந்தது ஒரே ஒரு குழாய். புற்றுநோய் சிகிச்சைக்கு முன் ஒருவர் உறையவைத்துவிட்டுப் போனது. சிகிச்சைக்குப் பின் அவருக்கு விந்தணுவே இல்லை. முன்பு உருக்கிய மூன்று குழாய்களும் பலன் தரவில்லை. இதுதான் கடைசி. பக்கத்து அறையில் மனைவிக்கு மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. அவரிடமிருந்து எடுத்த முட்டைகள் மூன்று.

“அக்கா, புதுத் தட்டுல எடுங்க. சீக்கிரம், உருக்கினது சோர்ந்துடும்,” என்றார் டாக்டர்.

அக்கா நன்றாக ஓடிய ஒன்றை ஊசியில் பிடித்துக் கொடுத்தார். டாக்டர் அதை முதல் முட்டைக்குள் செலுத்தினார். இரண்டாவதைத் தேடும்போதுதான் அக்காவின் கண் தட்டிலிருந்த வட்டத்தில் நிலைகுத்தியது. உள்ளே ஏழெட்டு அணுக்கள் தலையை ஊன்றிக்கொண்டு வாலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தன.

அந்த வட்டத்தில் பூசியிருந்தது முட்டையைச் சுற்றியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி. முதிர்ந்த அணு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கருக்குழாயின் சுவரிலும் வேறு சர்க்கரைகள் உண்டு. அவை விந்தணுவை நிறுத்தி, உயிரோடு காத்து, நேரம் வரும்போது விடும். இந்தப் புதுத் தட்டைப் பற்றிப் போன வாரம்தான் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அக்கா குறிப்பும் எடுத்திருந்தார்.

“டாக்டர், நிறுத்துங்க. நான் ஓடுறதை எடுத்துட்டேன்.”

“உள்ள விட்டாச்சேக்கா!”

“பழக்கதோஷம். நிக்கிறதை எடுத்திருக்கணும்.”

டாக்டர் கையை எடுக்கவில்லை. “ஓடுறது எல்லாம் கெட்டதுன்னு இல்ல. ரெண்டு முட்டை மிச்சம் இருக்கு. புலம்பாம எடுங்க.”

வட்டத்துக்குள் வால்கள் ஒவ்வொன்றாக மெதுவாகிக்கொண்டிருந்தன. ஒன்றின் தலை கோணல். இன்னொன்றின் கழுத்து வீங்கியிருந்தது. குறையில்லாத ஒன்றை அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியில் உறிஞ்சினார்; அது பிடியை விடவில்லை. “வாடா ராஜா, வம்பு பண்ணாதே,” என்று பல்லைக் கடித்தார். வந்தது; இரண்டாவது முட்டைக்குள் போனது. மூன்றாவது முட்டைக்கு ஒன்றைப் பிடிக்க இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று.

கணவன் மனைவி இருவரிடமும் நடந்ததை அக்காவே போய்ச் சொன்னார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர்தான், “ஓடுறவனை நம்பினது தப்பாங்க? நம்ம பிழைப்பே ஓட்டம்தானே,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் முட்டையில் மாற்றமில்லை. மூன்றாவது சிதைந்திருந்தது. இரண்டாவதில் தாயுடையதும் தந்தையுடையதுமாக இரண்டு உட்கருக்கள் அருகருகே தெரிந்தன. அக்கா இருமுறை பார்த்துவிட்டுப் போன் செய்தார். முதல் மணியிலேயே மனைவி எடுத்தார்.

“ஒண்ணு சேர்ந்திருக்கும்மா. நாளைக்கு அது ரெண்டு செல்லா, நாலு செல்லாப் பிரியணும்.”

“பிரியலைன்னா?”

“எதுவானாலும் நானே கூப்பிடுறேன்.”

“எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்க?”