நீரூற்று இருக்க வேண்டிய இடம்

பட்டறையில் அவளைப் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்துகொண்டே இருக்கும். "நம்ம பட்டறையிலயே பசையுள்ள ஆளு நீ ஒருத்திதாம்மா" என்று முதலாளி வாரம் தவறாமல் சொல்லிச் சிரிப்பார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் மட்டும் அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது.

இனிமேல் கட்டப்போகும் அடுக்குமாடிகளை முன்கூட்டியே அட்டையில் குட்டியாகச் செய்து கொடுக்கும் பட்டறை அது. ஃப்ளாட் வாங்க வருகிறவர்கள் சுற்றி நின்றுகொண்டு, 'அதோ நம்ம பால்கனி' என்று விரலை நீட்டுவார்களே, அந்த மாதிரிகள். செருப்புப் பெட்டிக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தவள் இங்கே வந்து மாளிகைக்கு அட்டை வெட்டினாள். அட்டைக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு வேதம்தான். வரைபடத்தில் இருப்பது மாதிரியில் இருக்கும், இல்லாதது இருக்காது. வரைந்திருந்தால் முளைக்காத மரமும் பச்சைப்பசேல் என்று நிற்கும். வரையாமல் விட்டால் நூறு வருஷம் நின்ற வீடும் மாயமாகிவிடும். பழைய நகரத்தின் எத்தனையோ தெருக்களை இப்படி அவளே தன் கையால் மாயமாக்கியிருக்கிறாள். புது நகரம் முதலில் வளர்ந்தது அவள் மேசையில்தான். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

வந்தது. கோட்டைச் சுவரை ஒட்டிய தெருவில் எழும்பப்போகும் பெரிய அடுக்குமாடிக் கோபுரத்தின் வரைபடத்தை முதலாளி ஒருநாள் மேசையில் விரித்தார். அது அவள் தெரு. வரிசையாக எல்லோரும் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். கையெழுத்துப் போடாதது கடைசி வீட்டில் இருந்த அவளும் அவளுடைய அக்காவும்தான். அப்பா இருவர் பேருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போன வீடு. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு 'நீரூற்று' என்று எழுதியிருந்தது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னாள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவளுக்கு வலது முழங்கால் மடங்காது. அதை வாசலுக்குக் குறுக்கே நீட்டித்தான் உட்காருவாள். யார் வந்தாலும் சுற்றித்தான் போகவேண்டும்.

"குழாயில பாதி நாளு தண்ணியே வர்றதில்ல, இவன் நீரூற்று வைக்கிறானாமா?" என்றாள் அக்கா. "நம்மள தண்ணி தெளிச்சு விட்டுட்டான்னு சொல்லு."

"நான்தான்க்கா அதைச் செய்யணும். என் கையாலயே."

"செய்யி. ஆனா வீட்டையும் சேர்த்துச் செய்யி" என்று நூலைப் பல்லால் கடித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் தங்கைக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கோபுரத்தை முறைப்படி செய்து முடித்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. நீரூற்றின் இடம் வந்ததும் தன் வீட்டைச் செய்தாள். பச்சைக் கதவு, ஒரு பக்கம் சரிந்த ஓடு, மாடியில் துணி காயும் கொடி, கொடியில் அக்காவின் பூப்போட்ட பாவாடைகூட. மாதிரிகளில் வைக்கும் ஆட்கள் கடையில் மொத்தமாக வாங்குகிற பொம்மைகள். எல்லோரும் ஒல்லியாக, கையில் பெட்டியோடு எங்கேயோ அவசரமாகப் போவார்கள். அவை வேண்டாமென்று கம்பியை வளைத்து இரண்டு பெண்களைச் செய்தாள். ஒருத்தி நின்றாள். இன்னொருத்தி காலை நீட்டி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

வண்டியில் ஏற்றும் நேரத்தில்தான் முதலாளி பார்த்தார். பாவம், மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"என்னம்மா இது?"

"வீடு."

"வரைபடத்துல இல்லையே!"

"தெருவுல இருக்கே."

"ஐயோ, பேத்து எடும்மா!"

"எடுத்தா அடிப்பலகையோட வரும். நான் ஒட்டினது, உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியும். கீழே வண்டிக்காரன் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கையில் கிடைத்த மரங்களையெல்லாம் வீட்டைச் சுற்றி நட்டு மறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவைத்தார். மரம் மறைக்கவா செய்யும்? பார்க்கிறவனுக்கு, அங்கே ஏதோ விசேஷம் இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுக்கும்.

விற்பனை தொடங்கிய அன்று, ஏதாவது பெயர்ந்தால் ஒட்டிக் கொடுக்க அவளையே அனுப்பினார்கள். பசை டப்பாவோடு ஓரமாக நின்றாள். கழுத்துப்பட்டி கட்டிய விற்பனைக்காரப் பையன் அருவியாகப் பேசிக்கொண்டிருந்தான். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் குனிந்து மரங்களுக்கு நடுவே பார்த்தாள்.

"இந்தக் குட்டி வீடு என்னப்பா?"

பையன் திகைத்தது அரை நொடிதான். மாதிரியில் இருந்தால் வரைபடத்தில் இருக்கும். அதுதானே வேதம். பெரியவர்கள் தன்னிடம் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"அதுதான் மேடம் நம்ம ஸ்பெஷல்! பழைய வீட்டை இடிக்காம, அதுல வாழறவங்களோட அப்படியே பாதுகாக்கிறோம். இந்தப் பக்கத்து ஃப்ளாட்டுல நின்னா கோட்டைச் சுவரும் இந்த வீடும் சேர்ந்தே தெரியும்."

"அப்போ எனக்கு இந்தப் பக்கமே குடுங்க."

அவ்வளவுதான், தொற்றிக்கொண்டது. எல்லோருக்கும் அந்தப் பக்கமே வேண்டும் என்றானது. வாசற்படிக் கம்பிப் பெண்ணைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். பசையக்கா டப்பாவைத் திறக்கவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊரே விலை பேசிய வீட்டை முதன்முறையாக யாரோ அழகு என்று சொன்னார்கள்.

கோபுரம் கட்டும் கம்பெனியின் அதிபர் வந்து பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் முழுதும் பதிவாகிவிட்டது. பையன் வேறு, வீடு தெரியும் என்று எல்லோருக்கும் எழுதியே கொடுத்திருந்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அதிபர் முதலாளியைத் திட்டினார். முதலாளி பசையக்காவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வேலை போனதில் அவளுக்கு வலி இல்லை என்று சொன்னால் அது பொய். டப்பாவை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதிபர் தானே நேரில் வந்தார். அக்கா வழக்கம்போல வாசற்படியில் இருந்தாள். தெருவிலேயே நின்று, குரலில் வெண்ணெயைத் தடவிப் பேசினார்.

"வீட்டை இடிக்க மாட்டேன்மா, சத்தியமா. நீங்க மட்டும் வேற நல்ல இடத்துக்குப் போயிடுங்க. உள்ள அழகா ஒரு காபிக் கடை வெச்சிடலாம்."

பசையக்கா கதவருகே வந்து நின்றாள்.

"நீங்க என்ன வித்தீங்கன்னு உங்களுக்கே தெரியலையா சார்? வாசல்ல ரெண்டு பேரு இருக்கோம் பாருங்க. அவங்க எங்களையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்காங்க. வீட்டை வெச்சுக்கிட்டு ஆளைப் பேத்து எடுக்க முடியாது. எல்லாம் ஒரே பசையில ஒட்டினது."

அதிபர் அவளைப் பார்த்தார். கீழே அக்காவைப் பார்த்தார். அச்சு அசல் அந்தக் கம்பிப் பெண்தான்.

"உள்ள உட்கார்ந்து பேசலாமே" என்று ஓர் அடி எடுத்து வைத்தவர், நீட்டியிருந்த காலைக் கண்டு நின்றார். அது விலகும் என்று காத்திருந்தார்.

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மடங்காது தம்பி. சுத்திப் போங்க."