செல்ஃப் மோட்டார் மாட்டிய காலை

திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தபோது மணி எட்டு இருக்கும்.

"டாக்டரு இனிமே வீட்டுலயே வெச்சிப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு. ஒங்கக்கா ஒன் வண்டியிலதான் வருவேன்னு சொல்லிக்கினு இருக்குறா. ஜல்தி வாப்பா."

'வீட்டுலயே' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இன்னும் நாலைந்து நாளாவது இருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் என் வேன் ஒரு வாரமாகவே மக்கர். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. செல்ஃப் மோட்டார் போய்விட்டது. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் ஓட்டினேன். புது மோட்டார் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன், மாட்டத்தான் சோம்பல். அன்றைக்குப் பார்த்து ரோஷம் வந்துவிட்டது. அக்காவைப் படுக்க வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்று, போகிறவன் வருகிறவனையெல்லாம் தள்ளச் சொல்வதா? மாட்டிவிட்டே போவோம் என்று வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பேட்டரி வயரைக் கழற்றினேன். கீழ் போல்ட் உடனே வந்துவிட்டது. மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாது, கையால் தடவித்தான் ஸ்பேனரை மாட்ட வேண்டும். துருப்பிடித்து அசையவே இல்லை. அதைத் திட்டினேன், வண்டியைத் திட்டினேன், டீ கொண்டுவந்த மனைவியையும் திட்டினேன். பத்து மணிக்குப் புது மோட்டார் உட்கார்ந்தது. சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

புது சாமான் மாட்டினால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுக்க மாட்டோம். வீட்டில் பழம் இல்லை. கடைக்குப் போய் வாங்கி வந்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். பின்னால் பாய் விரித்துத் தலையணையும் போட்டிருந்தாள் மனைவி.

விக்கிரவாண்டி தாண்டும்போது மறுபடியும் போன் அடித்தது. வந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று எடுக்கவில்லை.

நான் போனபோது அக்காவின் முகத்தை மூடியிருந்தார்கள். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஒன்ன ரெண்டு தரம் கேட்டா" என்றார். கிரீஸ் அப்பிய என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"ஏம்ப்பா, விழுப்புரத்துல பஸ்ஸுக்கா பஞ்சம்? ஏறி வந்திருந்தா மூஞ்சியப் பாத்திருக்கலாமே. வாடகைக்கு ஒரு வண்டிய இங்கயே புடிச்சிருக்கலாமே."

அவர் சொல்லும்வரை எனக்கு அந்த யோசனையே வரவில்லை. என் வீடு பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில்தான் இருக்கிறது. நான் வண்டிக்கு அடியில் கிடந்த இரண்டு மணி நேரமும் கண்டக்டர்கள் "திண்டிவனம், திண்டிவனம்" என்று கூவிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.