செலிம் பாய் எனக்குத் தராத அரைப் புள்ளி

செலிம் பாய் காலமான செய்தி ஒரு பத்திரிகை நிருபர் மூலம்தான் எனக்கு வந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கமாகப் போகும் கடையில் காலைத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஓர் இளம் குரல்.

"சார், துருக்கி கிராண்ட்மாஸ்டர் தவறிட்டாரு இல்லையா, அவரப் பத்தி ரெண்டு வார்த்தை வேணும். நீங்க அவரோட ஸ்டூடண்ட்தானே?"

பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தேன். அவர் போய்விட்டார் என்பது ஒன்று. நான் அவருடைய மாணவன் என்பது இன்னொன்று. எது முதலில் வலித்தது என்று கேட்டால், இரண்டாவதுதான். "ஸ்டூடண்ட் இல்ல தம்பி, நான் இண்டர்நேஷனல் மாஸ்டர். அவரோட போட்டியில ஆடுனவன்" என்றேன். "ஓகே சார், ஸ்டூடண்ட் மாதிரின்னு போட்டுக்கிறேன் லா" என்று அந்தப் பிள்ளை போனை வைத்துவிட்டது. அதனால்தான் இந்த அஞ்சலியை நானே எழுதுகிறேன். என் பெயர் ரவிச்சந்திரன். முப்பது வருடங்களாக இந்த ஊரில் சதுரங்கம் ஆடுகிறேன், சொல்லிக்கொடுக்கிறேன்.

செலிம் பாய் அவர்களின் முழுப் பெயரை இங்கே யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. துருக்கியில் இஸ்மிர் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தவர். தந்தையார் தையற்காரர். கடைக்குப் பக்கத்துத் தேநீர் விடுதியில் பெரியவர்கள் ஆடுவதை நின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது. பல ஆண்டுகள் தம் நாட்டு அணியில் ஆடினார். பிறகு அவர் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகள் வந்து அவரை அணியிலிருந்து தள்ளினார்கள். அதன்பின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆசியப் போட்டிகளுக்கு வரத் தொடங்கினார். எங்கள் ஊருக்கு அவர் வந்தது அப்படித்தான். வராமல் இருந்திருக்கலாம்.

சதுரங்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு மூன்று பெரிய போட்டிகளில் குறிப்பிட்ட தரத்தில் ஆடிக் காட்டவேண்டும். அதற்கு நார்ம் என்று பெயர். இண்டர்நேஷனல் மாஸ்டர் என்பது அதற்கு ஒரு படி கீழே. எனக்கு இரண்டு நார்ம் இருந்தது. ரேட்டிங்கும் இருந்தது. மூன்றாவது நார்ம் கோலாலம்பூரில், என் சொந்த ஊரில், கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சுற்றில் ஒரு டிரா போதும். அரைப் புள்ளி. எதிரில் உட்கார்ந்தவர் செலிம் பாய்.

எங்கள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சுற்றில் உங்களுக்குப் பரிசு ஏதும் கிடைக்காது, எதிரில் இருப்பவருக்கோ ஒரு டிராவில் வாழ்க்கையே மாறும் என்றால், பெரும்பாலான பெரிய ஆட்டக்காரர்கள் டிராவுக்குக் கையை நீட்டிவிடுவார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. செலிம் பாய்க்கு அந்தப் போட்டியில் வெல்ல எதுவும் பாக்கி இல்லை. நான் டிரா கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கொஞ்சம் ஆடலாம்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

கொஞ்சமா ஆடினார்! மற்ற மேசைகள் எல்லாம் காலியாகின. சுற்றிலும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இருவரிடமும் ஒரு யானையும் சில சிப்பாய்களும் மட்டுமே மிச்சம். யார் ஆடினாலும் சமமாக முடியவேண்டிய நிலை. அவர் அவசரப்படவே இல்லை. என் ராஜாவை ஒரு பக்கம் இழுத்தார், பிறகு மறுபக்கம் இழுத்தார். கடைசியில் நான் பொறுமை இழந்து ஒரு சிப்பாயை முன்னே தள்ளினேன். தள்ளிய விரலை எடுப்பதற்குள் தவறு தெரிந்துவிட்டது. தொட்டால் ஆடித்தான் ஆகவேண்டும் என்பது விதி. தோற்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிகளுக்குப் போனேன். அந்த அளவுக்குப் பக்கத்தில் மறுபடி போகவே இல்லை. வேலை, பிள்ளைகள், வயது. இன்றைக்கும் என் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இல்லை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்தப் போட்டிக்குச் சாப்பாடு போட்டவர்கள் கிள்ளானைச் சேர்ந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தார். என்னைத் தோற்கடித்த கையோடு செலிம் பாய் பிரியாணி சாப்பிடப் போனார். பரிமாறிய அந்த வீட்டுப் பெண் ஜமீலா அக்காவிடம், கறியில் என்ன மசாலா என்று கையசைத்தே கேட்டிருக்கிறார். எனக்கு ஒரு வாய் இறங்காத அந்த மதியத்தில் அவருக்குக் கல்யாணம் கூடி வந்தது. அடுத்த வருடம் மாப்பிள்ளையாகக் கிள்ளானுக்கே குடிவந்துவிட்டார். போகட்டும் என்று நான் மறக்கப் பார்த்த மனிதர், கொமியூட்டர் ரயில் போகும் தூரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

தமிழும் கற்றுக்கொண்டார். மாமனாரின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசிப் பேசியே கற்றது. "வாங்க பாஸ், சாப்டாச்சா லா" என்று அவர் கேட்டால் கிள்ளான் கடைத்தெருவே சிரிக்கும். நான் பிறந்ததிலிருந்து பேசும் தமிழை ஒருவரும் பாராட்டியதில்லை. அவர் 'ழ' சொன்னால் மூன்று பேர் கைதட்டுவார்கள்.

பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில், பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தார். என் வகுப்பு அதே தெருவில், சனிக்கிழமைதான். அவர் தெரியாமல் செய்தது. தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். அப்போதும் பெற்றோர்கள் பிள்ளைகளை அவரிடமே அழைத்துப்போனார்கள். "தப்பா நினைக்காதீங்க சார், அவரு கிராண்ட்மாஸ்டர் இல்லையா" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சிப்பாய் என் கண்முன் ஒரு கட்டம் நகரும்.

வெளியில்தான் இப்படி என்றால் வீட்டிலும் நிம்மதி இல்லை. அவர் வருகிறார் என்றால் என் மனைவி சாரதா காலையிலேயே பாசாருக்குப் போய் மீன் வாங்கிவருவாள். "பாய் எப்படி ரசிச்சு சாப்பிடறாரு பாருங்க. நீங்களும்தான் இருக்கீங்க, தட்டையே பாக்காம சாப்பிட்டு எந்திரிக்கிறீங்க" என்பாள். அவரோ, "ரவி தம்பி தலைக்குள்ள எப்பவும் போர்டு ஓடுது தங்கச்சி. நல்ல ஆட்டக்காரனுக்குச் சாப்பாடு தெரியாது" என்று எனக்குப் பரிந்து பேசுவார். என்னைத் திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பரிந்து பேசுவதுதான் தாங்காது.

ஆம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பொறாமைதான். அவருடைய பட்டத்தின்மேல், கூட்டத்தின்மேல், சிரிப்பின்மேல், எல்லாவற்றின்மேலும். பொறாமைப்பட்டுக்கொண்டே அவரோடு இருபது வருடம் பழகினேன். அவரைப் போல ஆட்டத்தைப் பற்றிப் பேச இந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்?

ஒரு நாள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கேட்டேவிட்டேன். "பாய், அன்னிக்கு ஏன் டிரா குடுக்கல? உங்களுக்கு என்னா நட்டம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"என்னோட மூணாவது நார்ம்" என்றார். "கடைசி ரவுண்டு. எதிர்ல ஒரு வயசான கிராண்ட்மாஸ்டர். என் போர்டு தோக்கற போர்டு, தம்பி. அவர் என்னைப் பார்த்தாரு. என் கோட்டு காலர் கிழிஞ்சு இருந்துச்சு, அதையும் பார்த்தாரு. டிரா கேட்டாரு. நான் வாங்கிக்கிட்டேன். ஊர்ல மேளம் அடிச்சாங்க. எங்க அப்பா அழுதாரு. ஆனா அப்புறம் ஒவ்வொரு தடவை தோக்கும்போதும் ஒரு கேள்வி. இது நான் எடுத்ததா, அவர் பிச்சை போட்டதா? இன்னும் தெரியல லா."

"அதுக்கு?"

"உன் போர்டு நல்ல போர்டு. நீயா எடுத்துக்குவேன்னு நினைச்சேன். உனக்கு அந்தக் கேள்வி வேணாம்னு நினைச்சேன்."

கேட்டவர்கள் கண்கலங்குவார்கள். எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கேள்வி எனக்கு வேண்டாம் என்று இவரிடம் யார் சொன்னது? நான் சந்தோஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே கிராண்ட்மாஸ்டராக இருந்திருப்பேன். ராத்திரி தூக்கம் வராவிட்டால் என்ன, காலையில் எழுந்ததும் பட்டம் இருக்குமே. "பாய், நீங்க வாங்கிட்டீங்க, எனக்கு மட்டும் உபதேசமா?" என்று இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவருக்குக் கிடைத்த இரக்கத்தின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு அவரே போன் செய்து, புதிதாக ஒரு தொடக்க ஆட்ட முறையைப் பற்றிக் கேட்டார். நானும் எதுவும் நடக்காதது போலப் பதில் சொன்னேன்.

கடந்த ஆண்டு அவருடைய சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ். ஆளே பாதியாகிவிட்டார். நினைவு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கணக்கு ஓடவில்லை. நான்கு காய் நகர்த்தல் முன்னே பார்ப்பதற்குள் களைத்துவிடுவார். அவருடைய பழைய மாணவர்கள் செமினியிலிருந்தும் செலாயாங்கிலிருந்தும் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஓர் ஆட்டம் ஆடினார்கள். எல்லாரும் தோற்றார்கள். வேண்டுமென்றே தோற்றார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பாவம் லா அங்கிள், சந்தோஷமா இருக்கட்டும்" என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்வார்கள்.

போன மாதம் ஒரு மதியம் நான் போனேன். ஜமீலா அக்கா தேநீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகை தயாராக இருந்தது. ஆடினோம். நடு ஆட்டத்தில் அவர் ஒரு குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். நல்ல காலத்தில் தூக்கத்தில்கூட அங்கே வைத்திருக்க மாட்டார். எனக்கு ஒரு சிப்பாய் லாபம், பிறகு இன்னொன்று. இத்தனை வருடத்தில் இந்த மனிதரிடம் இப்படி ஒரு நிலை எனக்குக் கிடைத்ததே இல்லை.

அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார். நரம்பு புடைத்த கையை என் பக்கம் நீட்டினார்.

"டிரா, தம்பி?"

ஜமீலா அக்கா என்னைப் பார்த்தார். வாங்கிக்கொள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். நல்லவனாக இருந்தால் வாங்கியிருப்பேன். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. நாற்காலிகளை அடுக்கிய அந்த மண்டபம்தான் கண்ணுக்குள் நின்றது. "இல்ல பாய். நீங்க ஆடுங்க" என்றேன்.

கை அப்படியே நின்றது. பிறகு அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலையணையை நகர்த்தச் சொன்னார். அதன்பின் அவர் ஆடியது, ஐயா, அதுதான் ஆட்டம். இரண்டு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு என்னை மூச்சுமுட்ட வைத்தார். ஒரு தடவை நான் ஏமாறவே பார்த்தேன். ஜமீலா அக்கா மருந்து நேரம் என்றபோது கையாலேயே நிறுத்தினார். முடிவில் வேறு வழி இல்லாமல் ராஜாவைச் சாய்த்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினார்.

"வர்றவன் எல்லாம் ராணியைச் சும்மா வெட்டக் குடுத்துட்டுப் போறான்" என்றார், மூச்சு வாங்க. "என்னைய செத்தவன்னு முடிவு பண்ணிட்டானுங்க. நீ ஒருத்தன்தான் என்கூட ஆடுன."

அப்புறம் ஜமீலா அக்காவிடம் திரும்பி, "இவனுக்கு என்மேல ரொம்பப் பொறாமை, தெரியுமா?" என்று சந்தோஷமாகச் சொன்னார். இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கிள்ளானில் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. லோரி டிரைவர்கள், வக்கீல்கள், சீனப் பிள்ளைகள், வேலை பெர்மிட்டில் வந்து அவர் கடையில் சாப்பிட்டுப் பழகிய தமிழ்நாட்டு இளைஞர்கள். எனக்கு இதில் கால்வாசி வருமா என்று மனம் கணக்குப் போட்டது. மண் போடும் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசி வரைக்கும் ஒருத்தராலயும் அவரை ஜெயிக்க முடியல, அதான் கிராண்ட்மாஸ்டர்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வேண்டுமென்றே தோற்றவர்களும் ஆட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் திறக்கவும் முடியாது. என் முறை வந்ததும் ஈர மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

ஆனால் இங்கே எழுதியாகவேண்டும். செலிம் பாய் தோல்வியே காணாமல் மறைந்தார் என்று யாரும் எழுதாதீர்கள். அது அவருக்கு நீங்கள் போடும் இன்னொரு டிரா. அவர் தோற்றார். உயிரைக் கொடுத்து ஆடித் தோற்றார். என்னிடம் தோற்றார்.

போய் வாருங்கள், பாய். இனி இந்த ஊரில் பொறாமைப்படும்படி எனக்கு யார் இருக்கிறார்கள்?